கட்டுரைக்குக் கீழே என் பெயர்

பினாங்கு
10-10-1963

அன்புள்ள ரெங்குவுக்கு,

இங்கே மழையும் நானும் சுகம். திருவரங்குளத்தில் வெயிலும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

மலேசியா பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்தோனேசியா நசுக்கிவிடுவேன் என்கிறது. பிலிப்பைன்ஸ் சபா என்னுடையது என்கிறது. இந்தக் கூட்டாட்சியின் வெளியுறவுக் கொள்கையை அலசி என் வாரப் பத்திரிகைக்கு நீ ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே இருக்கிறவன் எழுதினால் எந்தப் பக்கம் சாய்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், பூகோள வாத்தியார் வேறு. பள்ளிக்கூடத்தில் நீ வரைந்த தேசப்படத்தில் என் பெயரைப் போட்டுக் கொடுத்துப் பாஸானவன் கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே.

போன வாரம் சுங்கைப்பட்டாணிக்குப் போய் உன் மகளைப் பார்த்தேன். சொர்ணம் இளைத்திருக்கிறாள். "சித்தப்பா" என்று ஏதோ சொல்ல வந்தாள். மாப்பிள்ளை திருப்பதி அடுப்பைப் பார்க்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டார். ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலை, நல்ல இடம் என்று நான்தான் பேசி முடித்தேன். அதனால் இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

உன்
நாகராசு


திருவரங்குளம்
22-1-1964

அன்புள்ள நாகராசுக்கு,

பொங்கல் முடிந்தது. சொர்ணத்தின் அம்மா போன பிறகு எனக்குப் பொங்கல் என்பது பள்ளிக்கூட விடுமுறைதான்.

முதல் கட்டுரை வந்த இதழ் கிடைத்தது. இரண்டாவதை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். வாசலில் நின்று பேசுகிறவர் ஒருவர், கம்பு பிடித்துக் காவல் நிற்பவர் இன்னொருவர். பாதுகாப்பு பிரிட்டிஷ் படையின் கையில் இருக்கும்வரை, ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் மலேசியாவின் பேச்சை அதன் சொந்தப் பேச்சாக எடுத்துக்கொள்ளத் தயங்கும். இதைப் புதுக்கோட்டைக்காரன் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நம் சமஸ்தானம் நாற்பத்தெட்டில் இந்தியாவோடு சேரும்வரை அரண்மனையும் கொடியும் நமக்கு இருந்தன. வெளியுறவு மட்டும் வெள்ளைக்காரன் வைத்ததுதான். ஆனாலும் புதுக்குடித்தனத்தை ஆறு மாதத்தில் எடைபோடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை வெட்டாதே.

சொர்ணத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் பாஸ்போர்ட்டைத் திருப்பதி தன் ஆபீஸ் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். கிணற்றடிக்குப் போனால்கூடத் திரும்பி வர இவ்வளவு நேரமா என்று கேட்கிறாராம். அடிப்பதைப் பற்றி அவள் எழுதவில்லை. எழுதாததால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
ரெங்கு


பினாங்கு
15-7-1964

அன்புள்ள ரெங்குவுக்கு,

உன் மகளை ஊருக்கு அனுப்பிவைக்கும்படி திருப்பதியிடம் கேட்டேன். "நீங்க யாரு கேக்க? குடுத்த அப்பன் வந்து எம் மொகத்தப் பாத்துக் கேக்கட்டும், அனுப்புறேன்" என்கிறார். அதை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். நீ வந்து நின்றால் அவரால் பின்வாங்க முடியாது. உடனே நுழைவு அனுமதிக்கு எழுதிப் போடு.

இன்னொன்று. நீயாகப் பார்த்துத் திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் இரண்டு கட்டுரைக்குப் பிறகு நான்கு கட்டுரைகளை நான் எழுதி உன் பெயரில் போட்டேன். பிரிட்டிஷ் படை வெளியேற வேண்டும், இந்தக் கொள்கையை வகுத்தவர்கள் பொம்மைகள் என்று கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. என் பெயரில் வந்தால் மறுநாள் அச்சகத்துக்குப் பூட்டு. உன்னைத் திருவரங்குளத்தில் வந்து யார் தொடப்போகிறார்கள்?

உன்
நாகராசு


திருவரங்குளம்
3-11-1964

அன்புள்ள நாகராசுக்கு,

சென்னையில் இருக்கும் மலேசிய ஆபீஸுக்குப் போய்வந்தேன். அனுமதி கிடைக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் உன் பத்திரிகையிலிருந்து ஆறு கத்தரிப்புகளை வரிசையாக எடுத்து வைத்தார். ஆறிலும் கீழே என் பெயர். "இவ்வளவு கோபம் இருக்குற நாட்டுக்கு எதுக்குப் போறீங்க?" என்று கேட்டார். மகளைப் பார்க்க என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான்கு என்னுடையவை அல்ல என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி யாருடையவை என்பது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று என் படத்துக்கு உன் பெயர். இன்று உன் எழுத்துக்கு என் பெயர். அன்று அடி விழுந்தால் என் முதுகோடு போயிருக்கும். இப்போது பெண் அல்லவா அகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே வகுப்பில் பிள்ளைகளுக்கு மலாக்கா ஜலசந்தியைக் குச்சியால் தொட்டுக் காட்டுகிறேன். என்னால் தொட முடிந்தது அவ்வளவுதான்.

அவள் எழுதியிருக்கிறாள்: "அப்பா, நீங்க வாரேன்னு சொன்ன தேதியெல்லாம் காலண்டர்ல கிழிச்சாச்சு."

அந்த நான்கும் உன்னுடையவை என்று அவர்களுக்கு ஒரு வரி எழுது. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உன்
ரெங்கு


பினாங்கு
20-12-1964

அன்புள்ள ரெங்குவுக்கு,

அந்த ஒரு வரியைப் பத்து முறை எழுதிக் கிழித்தேன். எழுதினால் உரிமம் போகும், குடியுரிமை போகும், நானும் உள்ளே போவேன். என்னை நம்பி அச்சுக் கோர்க்கிறவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. எதிரியைத் திட்டும்போது எனக்கு இருந்த துணிச்சல் உண்மையைச் சொல்லும்போது இல்லை. கோழை என்று சொல்லிக்கொள், பொறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. வேறு வழி ஒன்று செய்திருக்கிறேன். பொங்கல் இதழ் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி சென்னைக்குப் போ. திட்டாதே.

உன்
நாகராசு


திருவரங்குளம்
11-6-1965

நாகராசுக்கு,

பொங்கல் இதழ் வந்தது. ஏழாவது கட்டுரையையும் படித்தேன். மலேசியாவின் வெளியுறவுக் கொள்கையில் ஒரு குறையும் இல்லையாம். கெய்ரோவில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்கு அழைப்பு வராதது மற்றவர்களின் பொறாமையாம். முன்பு அவசரப்பட்டு எழுதியதற்குக் கட்டுரையாளர் வருந்துகிறாராம். கீழே என் பெயர்.

நான்கு மாதம் அதைத் தொடவில்லை. பிறகு சொர்ணத்திடமிருந்து கடிதம் வருவதும் நின்றுபோயிற்று. இதழை மடித்து எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன்.

அதே மனிதர். ஆற அமரப் படித்தார். இது நீங்கள் எழுதியதுதானா என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப முன்னாடி எழுதுனதெல்லாம் தப்புன்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க."

என் இரண்டு கட்டுரையும் அந்த ஒரு சொல்லில் போயின. புதுக்குடித்தனத்தை ஆறு மாதத்தில் எடைபோடக் கூடாது என்று எழுதியிருந்தேனே, நீ வெட்டாமல் போட்ட வரி, அதுவும் போயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது அவமானமாக இருக்கிறது.

அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறேன். திருப்பதிக்கும் எழுதிவிட்டேன். அதே கப்பல் திரும்பும்போது சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு நானும் திரும்பிவிடுவேன்.

துறைமுகத்துக்கு நீ வராதே. வந்தால், உன்னால்தான் என் பெண் கிடைத்தாள் என்று நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அது என்னால் முடியாது.

கா. ரெங்கசாமி
பூகோள ஆசிரியர்