டுரோவின் ரத்தம்

அபியோகுட்டா
9 மார்ச் 2014

என் செல்லத் தங்கச்சி இகேயோலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

உன் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் நீ கட்டிக்கொள்ளப்போகும் ஒலானிரானுடையதையும் பாஸ்டர் பார்த்துவிட்டார். இரண்டிலும் ஏ.எஸ்., அந்த அரிவாள் செல் ரத்த நோயின் ஒரு பங்கு. “ஒருத்தருக்கு இருந்தா பரவால்ல சிஸ்டர், ரெண்டு பேருக்கும் இருக்கே! என் கையால மோதிரம் மாத்த மாட்டேன். உங்க வீட்டுச் சாபம் உங்களோட போகட்டும்” என்றார், எல்லோர் முன்னாலும்.

நானும் உன் அத்தானும் சீட்டுப் பார்க்காமல் கட்டிக்கொண்டவர்கள். பிள்ளைக்கு டுரோ, ‘நில்’ என்றே பெயர் வைத்தோம். நிற்கவில்லை. வலியில் துடித்துப் போய்விட்டான். நான் புதைத்தது போதாதா? விட்டுவிடு ஒலானிரானை.

உன் அக்கா
அபோசேடே


இபாதான்
17 மார்ச் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய கிழங்கு மாவு வந்தது. “உங்க அக்கா என்னை வேண்டாங்கிறாங்க, மாவை மட்டும் மூட்டையா அனுப்புறாங்க” என்று சொல்லிக்கொண்டே ஒலானிரான் மூன்று தட்டு காலிசெய்தார்.

விடமாட்டேன் அக்கா.

நான் கல்லூரியில் நடத்தும் பாடம்தான் இது. என்றோ ஒரு மூதாதையின் ரத்தத்தில் சின்ன மாற்றம் நேர்ந்தது. அதில் ஒரு பங்கு மட்டும் வாங்கிய பிள்ளைகளை மலேரியாவால் எளிதில் கொல்ல முடியவில்லை. பிழைத்தார்கள், பெற்றார்கள், பெருகினார்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வாங்கியவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். டுரோ கொடுத்தான். உங்களையும் என்னையும் காய்ச்சலிலிருந்து காத்த அதே ரத்தம்தான் அவனுடையது. இதையா சாபம் என்கிறார்?

நாங்கள் பிள்ளை பெறப்போவதில்லை. கூட்டத்துக்கு எது நல்லது என்று இயற்கை பார்த்துக்கொண்டது. எனக்கு யார் வேண்டும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் 24, பதிவு அலுவலகம். நீங்கள் வராவிட்டாலும் நடக்கும். ஆனால் வாருங்கள்.

இகேயோலு


அபியோகுட்டா
2 ஏப்ரல் 2014

இகேயோலு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, “அப்ப நாம தப்பு எதுவும் செய்யலையா?” என்று கேட்டார். பிள்ளை போனபின் அவனைப் பற்றி நாங்கள் பேசியது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மனைவி வழிமறித்தாள். “சிஸ்டர் அபோசேடே, அந்தக் கல்யாணத்துக்கா போறீங்க?” முன்பெல்லாம் ஊரே என்னைப் பிள்ளை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். அவன் போனதும் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். “டுரோ அம்மான்னு கூப்பிடுங்க, அப்புறம் பதில் சொல்றேன்” என்றேன். வழியைவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

பிள்ளை வேண்டாம் என்பது எனக்கு இன்னும் கசக்கிறது. அது உன் வீட்டு விஷயம். கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த எடுத்திருக்கும் துணியில் எங்கள் இருவருக்கும் அனுப்பு. தலைத்துணியை நான் பெரிதாகத்தான் கட்டுவேன். பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்தால் மறைக்கட்டும்.

டுரோ அம்மா