கால்குலேட்டர் இல்லாத தேர்வு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமா? கோதுமைக்கு மழை கிடைத்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நேற்று கால்குலேட்டர் இல்லாத கணிதத் தேர்வு. முதல் கேள்வியே ஓர் இருபடிக் கோவையை முழு வர்க்கமாக்குவது. எங்கள் பள்ளிக் கால்குலேட்டர் இயற்கணிதமும் செய்யும்; இரண்டு வருடமாக அதற்குரிய கட்டளையைக் கால்குலேட்டரில் தட்டியே விடை எடுத்துவந்தேன். கையால் ஒரு வரிகூட வரவில்லை; மற்றக் கேள்விகளும் அப்படித்தான்.

வெளியே வந்ததும், பக்கத்து மேசையில் எழுதிய தோழி பிரான்டி சிரித்தாள். "ஏய் டாம்சின், உன் கட்டைவிரல் வெறும் மேசையில பட்டன் தட்டிட்டே இருந்துச்சுடி. எக்ஸோட எண்ணைப் பாதியாக்கி வர்க்கம் போட்டுக் கூட்டிக் கழிக்கணும், அவ்ளோதான்."

நானும் சிரித்தேன்.

தேறாதவர்களுக்கு அடுத்த வருடம் மெல்பர்ன் விடுதியில் இடமில்லை. நான் தேற மாட்டேன், அம்மா.

கால்குலேட்டருக்கு நான் கேட்டிருந்த பேட்டரிகளை அனுப்ப வேண்டாம். கம்பளிக் காலுறை போதும். மணி அடிக்கிறது. வீட்டில் என் அறையில் விதைமூட்டை அடுக்கப்போவதாக அப்பா சொன்னாரே, கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன் டாம்சின்