மூன்று பூவும் ஒரு காய்ந்த குச்சியும்

பத்தாங் பெர்ஜுந்தாய்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் புவனேசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் ஒசாக்கா குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க அந்த அம்மன் துணை. டெலிபோனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் கடிதம். நீ அனுப்பிய பெட்டி வந்தது. எஞ்சினியர் வேலையை உதறிவிட்டு எட்டு மாதமாக என்ன கிழித்தாய் என்று பிரித்துப் பார்த்தால் சீட்டுக்கட்டு! ஒன்று ஜப்பான்காரன் டீ குடிக்கிற ஆட்டம், ஒன்று பூ அடுக்குகிற ஆட்டம். இதற்காகவா அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை மேய்த்து வெயிலில் கருகி உன்னைப் படிக்க வைத்தார்? டீ ஆட்டத்தில் வாயைத் திறக்காமல் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைக்கிறவனுக்குப் புள்ளியாம். அப்படிப் பார்த்தால் உன் அப்பாவை மிஞ்ச ஆளே கிடையாது, நீ வேலையை விட்ட நாளிலிருந்து உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லையே. நீ கூப்பிட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். நடுவில் கிடந்து சாகிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூ ஆட்டத்தைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தேன். நையாண்டி பண்ணத்தான் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். ஆளுக்கொரு ஜாடிப் படம், அதில் பூச்சீட்டாக வைத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதானே என்று விதித்தாளை யாரும் படிக்கவில்லை. அம்மன் கோயில் அலங்காரத்துக்குப் பூ அடைத்துப் பழகிய கை, அப்பா ஜாடியே தெரியாமல் பதினான்கு சீட்டைத் திணித்தார். எனக்கு அடுப்பில் குழம்பு, போய் வந்ததில் மூன்று பூவும் ஒரு காய்ந்த குச்சியும்தான் வைத்தேன். ஜெயித்தாச்சு என்று அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பக்கத்து வீட்டு விமலா டீச்சர் வந்து தாளை வாசித்தால், காலியாக விட்ட இடத்துக்குத்தான் புள்ளியாம், அடைத்தால் புள்ளி கழியுமாம், நான் ஜெயித்தேனாம். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மூன்று பூவை வைத்து அலங்காரம் என்று சொன்னால் நம் பூசாரி ஓட ஓட விரட்டமாட்டாரா?

என்னா ரூல்ஸ்லா இது, எந்த மடையன் எழுதுனது என்று அப்பா கத்தினார். ஒங்க மகன்தான் அங்கிள், பெட்டியில பேர் போட்டிருக்கு பாருங்க என்றாள் விமலா. அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உன் பெயரை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், அவனே வந்து சொல்லட்டும், நான் தோத்தேன்னு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சீட்டைக் கலைக்க விடவில்லை, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். இரண்டு தடவை டெலிபோனை எடுத்து உன் நம்பரைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். வீம்பு பிடித்த மனுஷன். அவருக்குப் பிறந்தது வேறு எப்படி இருக்கும்?

சீட்டு ஆட்டம் செய்வதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டால் இப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு என் நம்பருக்குக் கூப்பிடாதே, அவர் நம்பருக்குக் கூப்பிடு. நீங்கள் தோற்றுவிட்டீர்கள் அப்பா என்று நேராகச் சொல். பாவம் பார்த்து விட்டுக்கொடுத்துவிடாதே, விட்டுக்கொடுத்தால் சரி என்று டெலிபோனை வைத்துவிடுவார். தோற்றார் என்று சொன்னால்தான் உன்னோடு சண்டை போடுவார். போடட்டும், நீ வைத்துவிடாதே.

நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் அம்மா,
நல்லம்மாள் உடையப்பன்