நல்ல தண்ணீரில் கழுவிய படகு

உப்பு காயாது, அதனால்தான் நல்ல தண்ணீர் என்றேன். பக்கத்துக் குப்பத்திலிருந்து விரிசல் விட்ட ஃபைபர் படகைக் கொண்டுவந்த மாமா அதற்குப் பிறகும் விடவில்லை. "குடிக்கிற தண்ணியைப் படகு மேல ஊத்தச் சொல்றியே, உனுக்கு இன்னா மெண்டலா?" ஊற்ற முடியாதென்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். முனகிக்கொண்டே குடம் தேடிப் போனார். ஊற்றி, காய்கிறவரை எனக்கு வேலை இல்லை. விரிசலை ஒட்டும் ரெசின் டின்னைத் திறந்து பார்த்தேன். அந்த நெடி ஏறியதும் உன் ஞாபகம், தங்கச்சி.

அந்த நெடிக்கு அம்மா என்னையும் நைனாவையும் தெருக்கோடிக்கு விரட்டுவாள். நீ மட்டும் வேதியியல் புத்தகத்தோடு பக்கத்திலேயே வந்து உட்காருவாய். நான் பிளஸ் ஒன்னிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். நீ பிளஸ் டூ.

அன்றைக்கு, விடிந்தால் நைனாவுக்குப் பாடு. கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரியில் எந்த இடத்தில் எந்தக் குடும்பம் வலை கட்டலாம் என்று ஊர் வைத்திருக்கும் முறை அது. தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை கரையில்தான். படகின் அடியிலோ விரிசல். ஒட்டுப் போட்டோம், உரிந்தது. மறுபடி போட்டோம், மறுபடி உரிந்தது. ரெசின் டூப்ளிகேட் என்று நைனா கடைக்காரனைத் திட்டினார். இறுக வைக்கும் மருந்தை இன்னும் ஊற்றுவோம் என்றேன் நான்.

நீ உரிந்த இடத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தாய்.

"நைனா, இதை எதுல கழுவுன?"

"ஏரித் தண்ணிலதான். வேற எதுல கழுவுவாங்க?"

இங்கே படகு, வலை, கால் எல்லாவற்றுக்கும் ஏரிதான்.

"தண்ணி காயும், உப்பு அங்கயே கெடக்கும். காத்துல கீற ஈரத்தை இழுத்துக்கும். அது மேல ஒட்டுனா எப்படிப் புடிக்கும்?"

"பெரிய சயின்டிஸ்ட்டு வந்துட்டா," என்றேன்.

"நீ மூடு. மருந்து ஊத்துனா ரெசின் ஏன் கல்லாவுதுனு சொல்லு பாப்போம்."

நீயே சொன்னாய். ரெசினில் இருக்கும் கார்பன் அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரானைப் போட்டு, அதைப் பொதுவில் வைத்துக்கொள்ளும். ஒன்று இன்னொன்றைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். மருந்து தொடங்கி வைக்கிற வேலை மட்டும்தான் செய்யும். இறுகிய பிறகு தண்ணீர் அதைக் கரைக்காது. உப்பு வேறு ரகம். சோடியம் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், குளோரின் வாங்கிக்கொள்ளும், அந்த இழுப்பில் இரண்டும் சேர்ந்து நிற்கும். நல்ல தண்ணீர் நடுவில் புகுந்தால் பிரிந்து ஓடிவிடும்.

"ரெண்டு வீடு கூட்டா வலை கட்டுறது ஒண்ணு. ஒரு வீடு தன் முறையைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்குறது இன்னொண்ணு. அவ்ளோதாண்ணா."

சொல்லிவிட்டு, அம்மா குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்துவந்த குடத்தைத் தூக்கி விரிசலில் கவிழ்த்தாய். அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "அடிப்பாவி, சோத்துக்கு உலை வெக்க இன்னா பண்ணுவேன்? உன் அணுவையா ஆக்கிப் போடுறது?" நீ அவளைப் பார்த்துக்கொண்டே அடுத்த குடத்தையும் கவிழ்த்தாய். நாங்கள் தேய்த்துச் சொரசொரப்பாக்கினோம், நல்ல வெயிலில் காயவிட்டோம், நைனா ஒட்டுப் போட்டார்.

விடியலில் படகு போனது. அந்தப் பாடு முழுக்க ஒட்டு அசையவில்லை. நைனா உன்னிடம் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. கரையில் மீன் எடுக்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னார்: "என் பொண்ணு ஒட்டுனது."

காலேஜில் சேர்ந்த வருஷமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இப்போது ஆரம்பாக்கத்திலிருந்துகூட வண்டியில் ஏற்றிப் படகு கொண்டுவருகிறார்கள். படிப்பை விட்டவனுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். என் தங்கச்சி சொன்னது என்பேன், நெஞ்சை நிமிர்த்தித்தான். எது உரிந்தாலும் இப்போதெல்லாம் நான் கடைக்காரனைத் திட்டுவதில்லை. இடையில் எது நிற்கிறது என்று முதலில் பார்க்கிறேன். விரலால் தடவி, நாக்கில் வைத்து, உன்னைப்போலவே.

மாமா கத்துகிறார். "டேய், காஞ்சிடுச்சு! மருந்தை ஊத்திக் கலக்கிட்டேன்!"

இவரை யார் கலக்கச் சொன்னது? இந்நேரம் டின்னுக்குள் ஒன்றையொன்று பிடிக்க ஆரம்பித்திருக்கும். நான் போகணும்.