கழுவிக் கவிழ்த்த இருநூற்றுப் பதினான்கு பனி மாதிரிகள் குறித்து

அனுப்புநர்
ஐ. சுகிர்தா,
முழுநேர ஆய்வாளர்,
தெற்கு மாடத் தெரு,
ஆழ்வார்திருநகரி.

பெறுநர்
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
தண்பொருநை நீரியல் ஆய்வு நிறுவனம்,
பாளையங்கோட்டை.

பொருள்: மலைப்பனி மாதிரிகள் 10.10.2024 அன்று கொட்டப்பட்டது – விசாரணை அறிக்கையை நான் ஏற்க மறுப்பது – ஆய்வக உதவியாளர் திரு. தேவதாசனை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நம் நிறுவனத்தில் நான்கரை ஆண்டுகளாக முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் மலைகளில் ஓடும் ஒரு சிற்றாற்றில் பனி உருகி வரும் நீர் எவ்வளவு, மழைநீர் எவ்வளவு என்று பிரித்தறிவதே என் ஆய்வு. இதற்காக மூன்று குளிர்காலங்கள் அங்கு தங்கிப் பனியைச் சேகரித்தேன். அதை மூடிய பையிலேயே உருகவிட்டு, காற்றுப் புகாத சிறு பாட்டில்களில் நிரப்பி, இடம், உயரம், தேதி எழுதி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மொத்தம் 214 பாட்டில்கள். அவை ஆய்வக ஃப்ரிட்ஜில் இருந்தன.

2. அவற்றை ஏன் உடனே பரிசோதிக்கவில்லை என்று விசாரணைக் குழு என்னைக் கேட்டது. நம் பரிசோதனைக் கருவி மூன்று ஆண்டுகளாகப் பழுதாகிக் கிடக்கிறது. வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப அனுமதி கேட்டு நான் கொடுத்த இரண்டு கடிதங்களும் துறைத்தலைவர் முனைவர் கணேஷ்ராம் அவர்களின் மேசையைத் தாண்டவில்லை. இதைக் குழுவிடம் சொன்னேன். அறிக்கையில் அது இல்லை.

3. ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாளே ஆய்வகத்தில் பூஜை நடத்துவது நம் வழக்கம். அதற்காகத் துறைத்தலைவர் 8.10.2024 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டார். “ஃப்ரிட்ஜ் உட்பட அனைத்தையும் காலி செய்து, பாட்டில்களைக் கழுவி வைக்கவும்” என்பது அதன் வாசகம் (நகல் இணைப்பு 1). நான் அப்போது லாகௌலில் பனிமானி பொருத்திக்கொண்டிருந்தேன். திரு. தேவதாசன் அதில் சொன்னபடியே 10ஆம் தேதி செய்தார். பதினான்கு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியில் இருக்கும் அவர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். 214 பாட்டில்களையும் கொட்டி, சோப்புப் போட்டு, நான் எழுதிய எழுத்துகள் போகும்வரை தேய்த்து, கவிழ்த்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். ஆனாலும் பொட்டுகள் வரிசை பிசகாமல் இருந்தன.

4. அன்று மாலை அவரே எனக்குப் போன் செய்தார். “பாட்டிலு பூரா பளிச்சுனு கழுவிக் கவுத்தி வச்சிருக்கேம்மா. வந்து பாத்தா சந்தோசப்படுவிய” என்றார். நான் அழுததைக் கேட்ட பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. அவர் மீது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஊர் திரும்பி ஃப்ரிட்ஜின் கதவைப் பார்த்ததும் அந்தக் கோபம் ஆள் மாறிவிட்டது.

5. அந்தக் கதவில் “இது குடிநீர் அல்ல. கொட்டக் கூடாது. – சுகிர்தா” என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். தினமும் வேதம் வாசிக்கும் தேவதாசனுக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் அவர் அந்த ஃப்ரிட்ஜைத் தொட்டதில்லை. செப்டம்பரில், நான் ஊரில் இல்லாதபோது, துறையைப் பார்வையிட ஒரு குழு வரப்போகிறது, கையெழுத்துத் தாள் பார்க்க நன்றாக இல்லை என்று துறைத்தலைவர் அதைக் கிழிக்கச் சொல்லி, அதையே ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டையை ஒட்டச் செய்தார். தேவதாசனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

6. இதை விசாரித்த குழுவுக்குத் தலைவர் யார் என்றால், அதே துறைத்தலைவர். “தண்ணிதானம்மா, போயி மறுபடி எடுத்துட்டு வந்துரலாம்லா” என்று விசாரணையில் அவர் என்னிடம் சொன்னார். 2022 ஜனவரியில் பெய்த பனியை 2025இல் எங்கே போய் எடுப்பது ஐயா? அறிக்கை இன்னும் ஒருபடி மேலே போய், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மாதிரி எடுத்து ஆய்வை முடிக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. அங்கே பனி பெய்த நாள் எது என்று குழு தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கே இந்தப் பதில் என்றால், நாளை இங்கே ஆய்வுக்கு வருபவர்களுக்கு என்ன சொல்வோம்?

7. அறிக்கையின் முடிவில், தேவதாசன் “தன்னிச்சையாக” மாதிரிகளைக் கொட்டினார் என்று எழுதி, 2.12.2024 முதல் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சுற்றறிக்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. கிழிக்கப்பட்ட தாளைப் பற்றியும் இல்லை.

8. என் ஆய்வுப் பதிவு 31.3.2025உடன் முடிகிறது. ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தால், களக்குறிப்புகளையும் இன்னொரு குளிர்காலப் பனியையும் கொண்டு என்னால் ஆய்வை ஒப்பேற்ற முடியும். கிடைக்காவிட்டால் நான்கரை ஆண்டு உழைப்பு அவ்வளவுதான். நீட்டிப்புத் தரத் துறை சம்மதிக்கிறது. ஆனால் அதற்கு முன், தேவதாசன் யார் சொல்லியும் செய்யவில்லை, தானாகவே கொட்டினார் என்று தட்டச்சு செய்து வைத்திருக்கும் வாக்குமூலத்தில் நான் கையெழுத்திட வேண்டுமாம். மூன்று முறை அழைத்துப் பேனாவையும் நீட்டினார்கள்.

9. ஆகவே, அவ்விசாரணையை ரத்து செய்து, துறைக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்டு மீண்டும் விசாரிக்கவும், திரு. தேவதாசனை உடனே பணியில் சேர்க்கவும் ஆணையிட வேண்டுகிறேன். என் நீட்டிப்பை அதற்குப் பிறகு பரிசீலித்தால் போதும். அது மறுக்கப்பட்டாலும் இக்கோரிக்கை நிற்கும்.

அந்த வாக்குமூலத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன் (இணைப்பு 2). அதில் கையெழுத்து இல்லை. என் கையெழுத்து இம்மனுவில் மட்டுமே இருக்கும்.

இடம்: பாளையங்கோட்டை
நாள்: 20.1.2025

இப்படிக்கு,
ஐ. சுகிர்தா