உன் பங்குச் சாக்பீஸ்

மகாராஜனே, ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டாத கதை ஒன்றை, மலைக்கோட்டை உச்சியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையார் சாட்சியாகச் சொல்லப்போகிறேன். நீ குறுக்கே பேசமாட்டாய். உயிரோடு இருந்தபோதும் பேசினதில்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அக்கா மகள் பீரோ கதவில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருக்கிறாள். காலேஜில் நாளைக்கு அவள்தான் வகுப்பு விவாதத்தை நடத்தவேண்டுமாம். "மாமா, நான் கேள்வி கேட்டு யாருமே வாயத் தொறக்கலைன்னா என்ன பண்றது?" என்று கையைத் தட்டினாள். அந்த வெள்ளைத் தூசி மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய்.

நம் எம்.ஏ. வகுப்பில் பேராசிரியை அம்மா வைத்த சட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு மூன்று துண்டு சாக்பீஸ். ஒரு தடவை பேசினால் ஒன்றை மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடவேண்டும். மூன்றும் தீர்ந்தால் வாய்க்குப் பூட்டு. மணி அடிக்கும்போது கையில் மிச்சம் இருந்தால் மார்க் குறையும். அதிகம் பேசுகிறவன் அடங்கவும், பேசாதவன் வாய் திறக்கவும் அந்த ஏற்பாடு.

அதை நாம் இருவரும் முதல் வாரமே கவிழ்த்தோம். அம்மா நாற்காலியில் உட்காருவதற்குள் நான் மூன்றையும் போட்டு, உலகப் பொருளாதாரத்தைப் பாதி சீர்திருத்தியிருப்பேன். பெஞ்சுக்கு அடியில் உன் கை நீளும். "இந்தா மாப்ளே, என்னதையும் நீயே பேசிடு." ராவணனுக்கு அடுத்தபடி அதிக வாய் உள்ளவன் நான்தான், மொத்தம் ஆறு. பச்சைமலையிலிருந்து இறங்கி வந்த உனக்கு, வாயைத் திறந்தால் சிரித்துவிடுவார்களோ என்று பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு உன் முறை வந்தது. விவாதம் நடத்துகிறவன் தன் கருத்தைச் சொல்லக்கூடாது. கேட்க மட்டும் செய்யலாம். ஒரு வாரம் காவிரிப் பாலத்தில் நடந்து நடந்து ஒரே கேள்வியை ஒத்திகை பார்த்தாய். "இன்னைக்கு எனக்கு எதுக்கு?" என்று உன் சாக்பீஸையும் என்னிடமே கொடுத்துவிட்டு, கரும்பலகை முன்னால் போய் நின்றாய்.

"எங்க ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரு பஸ்சுதாங்க. மழையில ரோடு உடைஞ்சா அதுவும் வராது. அன்னைக்குப் பாத்து ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்தா, நீங்கல்லாம் என்ன செய்வீங்க?"

வகுப்பு அமைதியானது. யோசிக்கிற அமைதி அது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் யாராவது பேசியிருப்பார்கள். என்னால்தான் தாங்க முடியவில்லை. உன் சாக்பீஸ் ஒன்றை டப்பாவில் டணாரென்று போட்டு, "ஹெலிகாப்டர வரச் சொல்லுவோம்!" என்றேன்.

சிரிப்பில் கூரை பெயர்ந்து கொள்ளிடத்தில் போய் விழுந்தது. ஒருவன் விமானப் பணிப்பெண் வேண்டும் என்றான். இன்னொருவன் இறக்கை சுற்றும் சத்தம் காட்டினான். மணி அடித்தது.

டீக்கடையில் நீயும் சிரித்தாய். "பரவால்ல மாப்ளே, எல்லாரையும் பேச வெச்சுட்ட. மார்க் வந்துடும்." டீ ஆறி ஆடை படிந்த பிறகு, "ஆனா யாரும் பதில் சொல்லலைல்ல?" என்றாய்.

நானும் சொல்லவில்லை. அப்புறம் இருபது வருஷம், கல்யாணம் காதுகுத்து என்று எத்தனையோ தடவை சந்தித்தோம். எல்லாவற்றிலும் நானே பேசினேன்.

போன ஐப்பசி மழையில் உங்கள் ரோடு உடைந்தது. உனக்கு நெஞ்சு வலித்தது. போர்வையில் டோலி கட்டி, நாலு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். பாதி வழிகூட நீ தாங்கவில்லை. சேதி கேட்டதும் என் காதில் முதலில் கேட்டது ஹெலிகாப்டர் சத்தம்தான். துக்க வீட்டில் உன் தம்பி, "அண்ணே, நீங்க நல்லா பேசுவீங்களே, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றான். ஆறு வாயில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இதையா அக்கா மகளிடம் சொல்வேன்? கதையை அவிழ்த்துவிட்டேன்.

"பாப்பா, என் சிநேகிதன் ஒருத்தன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். வகுப்பு மூணு நாள் சோறு தண்ணி இல்லாம பேசுச்சு! திருச்சிக் கடையில சாக்பீஸே கிடைக்கல. கலெக்டர் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துட்டாரு. மறு வாரமே மலைக்கு ரோடு, ஆஸ்பத்திரி, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்!"

"புளுகாதீங்க மாமா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"யாரும் பேசலைன்னா நீயும் பேசாம நில்லு. மனசுக்குள்ள நூறு எண்ணு. என்னை மாதிரி ஒருத்தன் துள்ளிக்கிட்டிருப்பான், அவனை மட்டும் எந்திரிக்க விட்டுடாத."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அன்று மணி அடித்தபோது நீ கொடுத்ததில் ஒன்று என் கையில் மிச்சம் இருந்தது. சட்டப்படி மார்க் குறைய வேண்டியவன் நான். அந்தத் துண்டு இப்போதும் அந்தக் கூட்டுக்குள்தான் கிடக்கிறது, தேய்ந்து தேய்ந்து பல் அளவுக்கு.

"சரி, இதுல எதுதான் மாமா நிஜம்?"

ரோடு பொய். பஸ் பொய். கலெக்டர் வந்தது பொய். மூன்று நாள் பேச்சு மகா பொய். நீ எழுந்து நின்று எங்களைக் கேட்டாய் என்பது மட்டும் நிஜம்.