மூன்றாம் எண் கலத்தின் உட்சுவரைத் தேய்க்க வேண்டாம்

அனுப்புநர்:
யெட்ஸ்கே ஹூக்ஸ்த்ரா,
முனைவர் பட்ட ஆய்வாளர் (பேறுகால விடுப்பில்),
கெல்ட்ராப்.

பெறுநர்:
திரு. ரூட் வெர்ஹாகென் அவர்கள்,
நிர்வாக அலுவலர்,
பிளாஸ்மா ஆய்வுக்கூடம், ஐந்தோவன்.

பொருள்: மூன்றாம் எண் வெற்றிடக் கலத்தைத் திங்களன்று திறந்து சுத்தம் செய்வதை நிறுத்தி வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடைசி நேரத்தில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். நேற்றுத்தான் விஷயம் தெரிய வந்தது. என் மகளைப் பார்க்க வந்த புதிய ஆய்வாளர் யோரிஸ், குழந்தை பிறந்த வீட்டில் வழக்கமாகத் தரும் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கைக் கடித்துக்கொண்டே, "நீ திரும்பி வர்றப்ப கலத்துக்குள்ள முகம் பார்த்துத் தலை வாரலாம். எங்க எல்லாரோட பரிசுன்னு வெச்சுக்கோ" என்றார். மணல் பீய்ச்சித் தேய்க்கத் தாங்கள் அனுமதித்துவிட்டீர்களாம். சிரித்து வைத்தேன். ஆனால் அந்தச் சுவரைத் தேய்க்கவே கூடாது; காரணங்கள் இவை:

1. அக்கலத்தில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மிகக் குறைந்த அழுத்தத்தில் விட்டு, மின்சாரத்தால் அணுக்களாக உடைக்கிறோம். அவ்வளவு மெல்லிய வாயுவில் அணுக்கள் சந்திப்பதே அரிது, சந்தித்தாலும் சேர்வதில்லை. சுவரில் போய் ஒட்டி, அங்கேதான் சேர்ந்து அம்மோனியா ஆகின்றன.

2. இது எங்களுக்கும் முதலில் தெரியாது. கருவி முதன்முதலாக அம்மோனியா காட்டிய அன்று, உடன் ஆய்வு செய்த ஹன்னெக்கே, "யாருப்பா தரை துடைச்சது?" என்று அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தைத் தேடி மாடி முழுக்க மோந்து திரிந்தார். இருவரும் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் கண்ணாடி வழியே அந்த இளஞ்சிவப்பு ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஹன்னெக்கே இப்போது வேறு ஊரில். அந்நாட்களில் மிஞ்சியிருப்பது கறை படிந்த அந்தச் சுவர்தான்.

3. ஏக்கத்தால் மட்டும் கேட்கவில்லை. என் அளவீடுகளில் பாதி அந்தச் சுவரில் எடுத்தவை. மீதியையும் அதே சுவரில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். தேய்த்தாலோ, திறந்து வெளிக்காற்றுப் பட்டாலோ அது வேறு சுவர். ஆய்வேட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைக்குழந்தையோடு என்னால் அது ஆகாது.

ஆகவே, நான் பணிக்குத் திரும்பும்வரை கலத்தைத் திறக்காமல், பம்ப்பை நிறுத்தாமல் வைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். யோரிஸைக் கடிந்துகொள்ள வேண்டாம். நல்ல மனதோடுதான் செய்தார். கடைசி அளவீடு முடிந்த மறுநாள் நானே வந்து தேய்த்துத் தருகிறேன். ஹன்னெக்கேயையும் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
யெட்ஸ்கே ஹூக்ஸ்த்ரா

இடம்: கெல்ட்ராப்
நாள்: மார்ச் 14, வெள்ளிக்கிழமை